உயிருக்குப் போராடும் பச்சிளங்குழந்தையை இடம் மாற்றுவது எப்படி: குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

பிறந்த இடத்தில் குழந்தைக்குத் தேவையான வசதி இல்லை. வென்டிலேட்டரோ, குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை நிபுணரோ, இதயப் பிரிவோ இருக்கும் மருத்துவமனைக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் நர்ஸ்களும் இளம் மருத்துவர்களும் முதலில் கேட்பது, "வண்டிக்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?" என்றுதான். நியாயமான பயம். ஆனால் அவர்களிடம் நான் முதலில் பேசுவது, வண்டியில் ஏறுவதற்கு முன் எதையெல்லாம் முடிக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான். ஓடும் வண்டியில் ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது, வெளிச்சம் போதாது, கை நிலையாக நிற்காது. குழந்தை மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதே செய்திருக்கக்கூடிய ஒரு வேலையை வண்டிக்குள் செய்ய நேர்ந்தால், அது எப்போதும் பத்து மடங்கு கடினம்.

இங்கே வரும் மருந்தளவுகள் பரவலாகப் பின்பற்றப்படுபவை. உங்கள் பிரிவில் எழுதிவைத்த நெறிமுறை வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எந்த ஊசியையும் போடுமுன் இரண்டு பேர் சரிபாருங்கள்.

போன் வந்ததுமே வேலை தொடங்கிவிடுகிறது

அழைப்பவர் பதற்றத்தில் இருப்பார். "குழந்தை சீரியஸ், சீக்கிரம் வாங்க" என்பதோடு நிறுத்திவிடுவார். நிதானமாக எண்களைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, எத்தனை மணி நேரம் ஆகிறது, எடை என்ன, இதயத் துடிப்பு, மூச்சு வேகம், எவ்வளவு ஆக்சிஜனில் எவ்வளவு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு), கடைசியாகப் பார்த்த சர்க்கரை, உடல் வெப்பநிலை, மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டிருந்தால் அதன் அளவும் உதட்டில் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்பதும். "டெம்பரேச்சர் நார்மல்தான்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். அப்படிச் சொன்ன பல இடங்களில் தெர்மாமீட்டரே வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் வைத்துப் பார்ப்பார்கள். அதுவே ஒரு சிகிச்சைதான்.

நீங்கள் போய்ச் சேரும் வரை அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: வார்மரில் (சூடேற்றும் படுக்கையில்) வையுங்கள், வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள், வயிற்றுக் குழாய் போட்டுத் திறந்து வையுங்கள், டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைத் திரவம்) ஓட்டுங்கள், ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் முதல் டோஸைக் கொடுங்கள். உங்கள் வண்டி ஒரு மணி நேரம் ஓட வேண்டியிருந்தால், அந்த ஒரு மணி நேரமும் குழந்தைக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆக்சிஜன் கணக்கு

புதியவர்கள் மற்ற எதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. சிலிண்டரின் நீர்க்கொள்ளளவை லிட்டரில் எடுத்துக்கொண்டு, மீட்டர் காட்டும் அழுத்தத்தைப் பார் அலகில் பெருக்குங்கள். உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

3 கிலோ குழந்தை, வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 8 லிட்டர் எடுக்கிறது, பயணம் 90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 8 × 90 = 720 லிட்டர். வழியில் நெரிசல், வண்டிப் பழுது, லிஃப்டுக்காகக் காத்திருப்பது எல்லாம் உண்டு என்பதால் இரண்டு மடங்கு எடுத்துப்போவது வழக்கம். அதாவது 1440 லிட்டர். கையில் இருப்பது 10 லிட்டர் கொள்ளளவு சிலிண்டர், மீட்டர் 120 பார் காட்டுகிறது. 1200 லிட்டர்தான் இருக்கிறது. முள் பச்சைப் பகுதியில் நிற்பதைப் பார்த்து "ஃபுல்லா இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். இந்தப் பயணத்துக்கு அது போதாது, இன்னொரு சிலிண்டர் ஏற்ற வேண்டும்.

பயண நேரம் என்பது வண்டி ஓடும் நேரம் மட்டும் இல்லை. இந்தப் படுக்கையிலிருந்து அந்தப் படுக்கை வரை எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுங்கள். ஹை ஃப்ளோ நேசல் கேனுலாவில் (மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் குழாயில்) இருக்கும் குழந்தை என்றால் கூடுதல் கவனம் தேவை. கிலோவுக்கு நிமிடம் 2 லிட்டர் என்றால் 10 கிலோ குழந்தைக்கு 20 லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு 2400 லிட்டர். சிறிய சிலிண்டரை நம்பி இப்படிக் கிளம்ப முடியாது.

பேட்டரியும் அப்படித்தான். மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், இன்குபேட்டர், சக்ஷன் ஒவ்வொன்றும் ப்ளக் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையின் எடைக்கு ஏற்ற அட்ரினலின், திரவ போலஸ் (ஒரே தடவையில் செலுத்தும் அளவு), மயக்க மருந்து, வலிப்பு மருந்து அளவுகளைக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி இன்குபேட்டர் மேல் ஒட்டிவிடுங்கள். நெருக்கடி நேரத்தில் மனக்கணக்கு போடக் கூடாது. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் சரியான அளவு மாஸ்க்கும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அலமாரிக்குள் வேண்டாம்.

குழந்தையின் அருகில்: சூடு, சர்க்கரை, மூச்சு, ரத்த ஓட்டம்

முதலில் சூடு. பச்சிளங்குழந்தைக்கு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. 36-க்குக் கீழே போனால் உடல் ஆக்சிஜனையும் சர்க்கரையையும் வேகமாகச் செலவழிக்கும், ரத்தத்தில் அமிலம் ஏறும், நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகும். அப்புறம் வென்டிலேட்டரில் எதை மாற்றினாலும் சாச்சுரேஷன் ஏறாது. இன்குபேட்டரை முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள். வண்டியின் ஏசியை அணைத்துவிடுங்கள். தொப்பி போடுங்கள், ஈரத் துணியை எடுத்துவிடுங்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையைப் பிளாஸ்டிக் உறையில் கழுத்து வரை வைப்பது நல்ல பலன் தரும். இன்குபேட்டர் கதவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு வெளியே போகிறது என்பதால், எதற்குத் திறக்கிறோம் என்று யோசித்துத் திறங்கள்.

சர்க்கரை எளிது, ஆனால் அடிக்கடி பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 10% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி, அதைத் தொடர்ந்து கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 மில்லி. 3 கிலோ குழந்தைக்கு 6 மில்லி கொடுத்துவிட்டு, மணிக்கு 10 மில்லி ஓடும். கொடுத்து 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கொடுத்தாயிற்று என்று விட்டுவிட்டால் போலஸ் தீர்ந்த பிறகு வழியில் மறுபடி இறங்கும்.

மூச்சுதான் நிறைய நேரம் கேட்கும் பகுதி. நான் பயன்படுத்தும் கேள்வி இது: "இந்தக் குழந்தைக்கு வழியில் ட்யூப் போட வேண்டி வருமோ?" அந்தச் சந்தேகம் உண்மையாகவே எழுந்தால் இங்கேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆம்பு அழுத்த வேண்டியிருப்பது, சிபேப் (மூக்கு வழியாகத் தொடர் அழுத்தத்தில் காற்று) போட்டும் ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போவது எல்லாம் அந்தச் சந்தேகத்துக்கான காரணங்கள். ட்யூப் அளவு 1 கிலோவுக்குக் கீழ் 2.5, 1 முதல் 2 கிலோ வரை 3, அதற்கு மேல் 3.5. உதட்டில் நிற்க வேண்டிய ஆழம், எடையோடு 6-ஐக் கூட்டினால் வரும் சென்டிமீட்டர். 3 கிலோ குழந்தைக்கு 9.

பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழாய் 4 அல்லது 5 சென்டிமீட்டர் நீளம்தான். அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் ட்யூப் வலது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம், அல்லது வெளியே வந்துவிடலாம். தலை குனிந்தால் ட்யூப் முனை கீழே இறங்கும், தலை நிமிர்ந்தால் மேலே ஏறும். தாடை போகும் பக்கம் ட்யூப் போகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே எக்ஸ்ரேயில் சரியாக இருந்த ட்யூப், இன்குபேட்டருக்கு மாற்றிய பிறகு சரியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கழுத்தின் இரு பக்கமும் சுருட்டிய துணி வைத்துத் தலையை நடுவில் நிறுத்துங்கள். பிளாஸ்டரைக் காய்ந்த தோலில் ஒட்டுங்கள். எண் தெரிகிற மாதிரி ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை தூக்கி வைத்த பிறகும் அந்த எண்ணை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். கேப்னோகிராஃப் (வெளிமூச்சில் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கருவி) இருந்தால் தொடர்ந்து மாட்டி வையுங்கள், ட்யூப் வெளியே வந்ததைச் சாச்சுரேஷனுக்கு முன்பே அது சொல்லிவிடும்.

ட்யூபில் இருக்கும் குழந்தை திடீரென்று நீலமானால் நான்கு கேள்விகள்: ட்யூப் இடம் மாறிவிட்டதா, சளியில் அடைத்துக்கொண்டதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டதா, கருவி பழுதா? முதல் வேலையாக வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டுக் கையால் ஆம்பு பையை அழுத்துங்கள். உடனே சரியானால் கோளாறு கருவியில். சரியாகவில்லை, நெஞ்சும் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது என்றால் அந்த வரிசையில் பாருங்கள். குறைமாதக் குழந்தைக்கு இருட்டில் நெஞ்சின் மேல் குளிர்விளக்கை வைத்தால் காற்று சேர்ந்த பக்கம் பளிச்சென்று ஒளிரும். ஊசியும் மூன்று வழி ஸ்டாப்காக்கும் சிரிஞ்சும் சேர்த்து ஒரே கவரில் கட்டி வைத்திருங்கள். தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ஆக்சிஜன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95% சாச்சுரேஷன் போதும். நூறு காட்டுகிறது என்று மகிழ வேண்டாம், கண் விழித்திரைக்கு அது நல்லதில்லை.

ரத்த ஓட்டத்துக்கு, வேலை செய்யும் இரண்டு லைன்கள் (ரத்தக்குழாயில் மருந்து செலுத்தும் வழிகள்) இல்லாமல் கிளம்பக் கூடாது. கையில் கிடைக்காவிட்டால் தொப்புள் சிரை இருக்கிறது, அதுவும் இல்லையென்றால் எலும்புக்குள் ஊசி. கால்பெருவிரல் அருகிலும் நெஞ்சிலும் தோலை அழுத்திவிட்டு நிறம் திரும்ப எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் கவலை. தொடை நாடியைத் தொட்டுப் பாருங்கள், எல்லாக் குழந்தைக்கும்.

சில குழந்தைகளுக்குத் தனி விதி

உதரவிதான ஓட்டை வழியாகக் குடல் நெஞ்சுக்குள் ஏறிய குழந்தைக்கு மாஸ்க் வைத்து ஆம்பு அழுத்தக் கூடாது. காற்று குடலுக்குள் போய் நுரையீரலை இன்னும் நசுக்கும். நேரே ட்யூப் போட்டு, வயிற்றில் பெரிய குழாய் விட்டு, தொடர்ந்து காற்றை உறிஞ்சுங்கள், வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைவாக வையுங்கள்.

உணவுக்குழாய் மூடிப் பிறந்த குழந்தைக்கு மேல்பக்கப் பையில் எச்சில் தேங்கி மூச்சுக்குழாய்க்குள் ஒழுகும். தலையை உயர்த்தி, அந்தப் பையில் குழாய் வைத்துத் தொடர்ந்து உறிஞ்ச வேண்டும். குடல் வெளியே தள்ளியிருந்தால் கால் முதல் அக்குள் வரை சுத்தமான பிளாஸ்டிக் பையில் (குடல் பை) வைத்து, வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். ஈரமும் சூடும் அந்தக் குடல் வழியாக நிறையப் போகும், ஆகவே திரவம் கூடுதலாகத் தேவைப்படும். முதுகில் தண்டுவடம் திறந்திருந்தால் குப்புறப் படுக்க வைத்து, ஒட்டாத ஈரக் காஸால் மூடுங்கள், லேடெக்ஸ் கையுறை வேண்டாம். பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் பச்சிளங்குழந்தை, குடல் முறுக்கு இல்லை என்று நிரூபிக்கும் வரை அவசர அறுவைச் சிகிச்சைக்கான குழந்தைதான். அங்கே நிலைப்படுத்த நேரம் எடுப்பதை விட வேகமாகக் கொண்டுபோவது முக்கியம்.

இதயக் குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரத்தில், ஆக்சிஜன் கொடுத்தும் நீலம் குறையாத குழந்தை, அல்லது தொடை நாடி கிடைக்காமல் அதிர்ச்சி நிலையில் (உடலுக்கு ரத்த ஓட்டம் போதாமல்) வரும் குழந்தை, இதயத்தை ஒட்டிய இரண்டு பெரிய ரத்தக்குழாய்களை இணைக்கும் டக்டஸ் என்ற சின்னக் குழாய் திறந்திருப்பதையே நம்பி வாழ்வதாக இருக்கலாம். எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கக் காத்திருக்காமல், இதய மருத்துவரிடம் போனில் பேசிக்கொண்டே அந்தக் குழாயைத் திறந்துவைக்கும் ப்ரோஸ்டாக்லாண்டின் மருந்தைத் தொடங்குவது உண்டு. மூடிவிட்ட குழாயைத் திறக்க நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மைக்ரோகிராம், திறந்திருப்பதைத் தக்கவைக்க 0.01 போதும். மூச்சு நின்றுபோவது இதன் முக்கியமான பக்கவிளைவு. அளவு கூடினால், எடை 2 கிலோவுக்குக் கீழ் இருந்தால் அது அதிகம். காய்ச்சலும் ரத்த அழுத்தக் குறைவும் வரலாம். இந்த மருந்து சில நிமிடங்களில் உடலிலிருந்து போய்விடும் என்பதால், அதற்கென்று ஒரு லைனும், அது பழுதானால் மாற்ற இன்னொரு லைனும் வேண்டும். அந்த லைனில் வேறு எதையும் தள்ளாதீர்கள். சாச்சுரேஷனை வலது கையிலும் ஒரு காலிலும் ஒரே நேரத்தில் பாருங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிறையச் சொல்லும்.

சூடு விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. பிறக்கும்போது மூச்சுமுட்டி மூளை பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தைக்கு, 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரியில் வைப்பது சிகிச்சை. ஏற்கும் மருத்துவமனை சொன்னால் வார்மரை அணைத்துவிடுங்கள். ஆனால் மலக்குடல் வெப்பநிலையைத் தொடர்ந்து பார்க்க வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை 33-க்குக் கீழே சரிந்துவிடும். ஐஸ் கட்டி வைப்பதை நான் ஏற்பதில்லை.

சற்றுப் பெரிய குழந்தைகள்

குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். அதுவரை இதயம் வேகமாக ஓடி ஈடுகட்டும். எனவே நாடி வேகம், குளிர்ந்த கைகால், சோர்ந்த பார்வை, குறைந்த சிறுநீர் இவற்றை நம்புங்கள். 1 முதல் 10 வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டினால் வருவது சிஸ்டாலிக் அழுத்தத்தின் கீழ் எல்லை. 4 வயதுக்கு 78. அதற்குக் கீழே போய்விட்டால் ஏற்கெனவே தாமதம்.

திரவம் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி கொடுத்து, ஒவ்வொரு முறையும் நுரையீரலில் நீர் சேர்கிறதா, கல்லீரல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3141 குழந்தைகளை வைத்து நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த குழந்தைகளில், சலைன் போலஸ் வாங்கியவர்களில் 48 மணி நேரத்துக்குள் 10.5% பேரும், வாங்காதவர்களில் 7.3% பேரும் இறந்தார்கள். தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடங்கள் அவை. வண்டிக்குள்ளும் வசதி குறைவுதான் என்பதால் இந்த எண்களை நான் எப்போதும் புதியவர்களிடம் சொல்வதுண்டு. கிருமித்தொற்றால் வரும் செப்டிக் அதிர்ச்சியில் ஆன்டிபயாடிக் முதல் மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். இரண்டு மூன்று போலஸுக்குப் பிறகும் தேறவில்லை என்றால், சாதாரணக் கை லைனிலேயே அட்ரினலின் தொடங்கலாம்.

தலையில் அடிபட்ட குழந்தைக்குத் தலையை நடுவில் வைத்து 30 டிகிரி உயர்த்துங்கள், ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு 35 முதல் 40 mmHg-க்குள் இருக்கட்டும், ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் ஒரு முறைகூட விழக் கூடாது. கண்மணி ஒன்று விரிந்தால் 3% சலைன் கிலோவுக்கு 2 முதல் 5 மில்லி. ஆஸ்துமா குழந்தைக்கு ட்யூப் போட நேர்ந்தால் வென்டிலேட்டர் வேகத்தைக் குறைத்து, மூச்சு வெளியே போக நேரம் கொடுங்கள். ட்யூப் அளவு, கஃப் (ட்யூபைச் சுற்றி ஊதும் சிறு பலூன்) உள்ளதற்கு வயதை 4-ஆல் வகுத்து 3.5 கூட்டுங்கள். ஆழம், வயதில் பாதியோடு 12.

கிளம்பும் முன் பெற்றோரிடம்

அம்மா வேறு அறையில், தையலோடு படுத்திருப்பார். இன்குபேட்டரை அவர் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். கதவைத் திறந்து குழந்தையின் கையைத் தொடச் சொல்லுங்கள், ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். எங்கே போகிறோம், ஏன் போகிறோம், வழியில் என்ன ஆகலாம் என்பதை நேராகச் சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. வேலை செய்யும் போன் எண், சம்மதக் கையெழுத்து, பிரசவக் குறிப்பு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டிக்குள்

எல்லாக் கருவியும் கட்டப்பட்டிருக்க வேண்டும், நீங்களும் பெல்ட் போட்டிருக்க வேண்டும். குழந்தை யார் மடியிலும் வரக் கூடாது. சைரனும் வேகமும் மிச்சம் பிடிப்பது சில நிமிடங்கள்தான், விபத்து அபாயம் அதைவிடப் பெரிது. திடீர் பிரேக்கும் குலுக்கலும் குறைமாதக் குழந்தையின் மூளைக்கு நல்லதல்ல என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவைத்தால், அவர் குழுவில் ஒருவராகவே ஓட்டுவார். காதுகளுக்கு மூடி போடுங்கள். ட்யூப் போன்ற வேலை எதுவானாலும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். மானிட்டரை மட்டும் பார்க்காமல் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள்.

விமானத்தில் போனால் இன்னொரு கணக்கு. கேபின் அழுத்தம் 8000 அடி உயரத்துக்குச் சமமாக இருந்தால், உடலுக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். நெஞ்சில் சேர்ந்த காற்றை ஏறும் முன்பே வடித்துவிட வேண்டும், வயிற்றுக் குழாய் திறந்திருக்க வேண்டும், கஃப் அழுத்தத்தை மேலே போனதும் சரிபார்க்க வேண்டும். தரையில் 40% ஆக்சிஜன் தேவைப்பட்ட குழந்தைக்கு அங்கே 54% அளவுக்குத் தேவைப்படும்.

ஒப்படைக்கும்போது

ஏற்கும் குழுவைச் சில நொடிகள் கையை நிறுத்தச் சொல்லி, எல்லோரும் கேட்கும்படி ஒருவர் மட்டும் பேசுங்கள்: யார் இந்தக் குழந்தை, என்ன பிரச்சினை, என்ன செய்தோம், இப்போது என்ன ஓடுகிறது, எதைக் கண்டு பயப்படுகிறோம். வெப்பநிலை, ரத்த அழுத்தம், மூச்சு நிலை, தொட்டால் எதிர்வினை ஆகிய நான்கையும் கிளம்பும்போதும் சேர்ந்தபோதும் எழுதி ஒப்பிடுங்கள். ட்ரிப்ஸ் என்ற மதிப்பெண் முறை இந்த நான்கை வைத்துத்தான் போடப்படுகிறது. நம் பயணம் குழந்தைக்கு என்ன செய்தது என்று அதில் தெரிந்துவிடும்.

ஒப்படைத்ததும் பெற்றோருக்குப் போன் செய்து, குழந்தை வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் சிலிண்டரை மாற்றி, பேட்டரியைச் சார்ஜில் போட்டு, பையில் எடுத்த ஒவ்வொரு பொருளையும் திரும்ப வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும். அடுத்த போன் எப்போது வரும் என்று தெரியாது.